ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெள்ளையணுக்களைப் படிப்பது எப்படி?

சிபிசி, அதாவது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைப் பரிசோதனையின் ரிப்போர்ட், கைக்கு வந்ததும் கண் முதலில் போவது தடித்த எழுத்தில் அச்சான எண்களுக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்ட வரிகளுக்கும்தான். "லிம்ஃபோசைட் 52, அதிகம்" என்று ஒரு வரி இருக்கும். உடனே போனை எடுத்துத் தேடுவோம். நாலு பக்கம் தாண்டுவதற்குள் ரத்தப் புற்றுநோயில் போய் நிற்போம், அன்று ராத்திரித் தூக்கம் போச்சு. இந்தப் பயத்தில் பெரும்பகுதி ஒரு சின்னப் பெருக்கல் கணக்கைப் போடாததால் வருவது. அந்தக் கணக்கும், ஒவ்வொரு வகை வெள்ளையணுவும் உடம்பில் என்ன வேலை பார்க்கிறது என்பதும் தெரிந்தால், ரிப்போர்ட்டின் அந்த ஏழெட்டு வரிகளை யார் வேண்டுமானாலும் நிதானமாகப் படிக்கலாம். நோய் என்னவென்று சொல்வது மருத்துவரின் வேலை. எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது நமக்கும் தெரிந்திருக்கலாம், தப்பில்லை.

முதலில் மொத்த எண்ணிக்கை

டோட்டல் கவுண்ட், டபிள்யூபிசி, லூக்கோசைட் கவுண்ட் என்று எந்தப் பெயரில் அச்சாகியிருந்தாலும் அது ஒரே எண்தான்: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், எத்தனை வெள்ளையணுக்கள் இருக்கின்றன என்பது. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவிக்கு ஏற்ற வரம்பைப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சில ரிப்போர்ட்டில் 7,200 என்று இருக்கும், சிலவற்றில் 7.2 என்று மட்டும் இருக்கும். பின்னதில் அலகு "ஆயிரத்தில்" கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான், இரண்டும் ஒன்றே. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "ஏழாயிரத்திலிருந்து ஏழாக இறங்கிவிட்டதே" என்று அலறுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

அதே ஒரு மைக்ரோலிட்டரில் சிவப்பணுக்கள் 40 முதல் 50 லட்சம் இருக்கும். ஆக, எழுநூறு சிவப்பணுக்களுக்கு நடுவே ஏதோ ஒரு வெள்ளையணு, சுமாராக அந்தக் கணக்குதான். இவ்வளவு குறைவாக இருப்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்றால், சிவப்பணுக்களை ஒரு ரசாயனத்தால் கரைத்துவிட்டு, மிச்சமிருக்கும் செல்களை ஒரு நுண்ணிய துளை வழியாக ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் கடக்கும்போது மின்னோட்டத்தில் ஏற்படும் துடிப்பை எண்ணுகிறார்கள். வாலஸ் கூல்ட்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற இந்த முறைதான் இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படை. இப்போது லேசர் ஒளியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கருவி எண்ணுவது சிவப்பணு இல்லாத எதையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அதனால் வரும் குழப்பத்தைப் பின்னால் பார்ப்போம்.

அப்புறம் பெருக்கல்

மொத்த எண்ணிக்கைக்குக் கீழே ஐந்து வகைகள் சதவீதத்தில் இருக்கும்: நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில். ஐந்தையும் கூட்டினால் 100 வர வேண்டும். பெரியவர்களுக்கு நியூட்ரோஃபில் 40 முதல் 70, லிம்ஃபோசைட் 20 முதல் 40, மோனோசைட் 2 முதல் 8, ஈசினோஃபில் 1 முதல் 6, பேசோஃபில் 0 முதல் 1 சதவீதம் என்பது பொதுவான அளவு.

இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஓர் அறையில் ஏழு பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள். நாலு பெரியவர்கள் எழுந்து வெளியே போனதும் அறையில் பாதிப் பேர் குழந்தைகள், ஆனால் ஒரு குழந்தைகூடப் புதிதாக உள்ளே வரவில்லை. ரிப்போர்ட்டில் நடப்பதும் இதுதான். ஒன்று குறைந்தால் இன்னொன்று தானாகவே "அதிகம்" என்று காட்டும்.

எனவே மொத்த எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்துவிடுங்கள். நல்ல ஆய்வகங்கள் இதை "அப்சல்யூட் கவுண்ட்" என்று தாங்களே போட்டுக் கொடுக்கும்; இல்லாவிட்டால் போனில் கணக்குப் போட அரை நிமிஷம் ஆகாது.

மேலே சொன்ன அந்த 52-ஐயே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2,900, நியூட்ரோஃபில் 38, லிம்ஃபோசைட் 52, மோனோசைட் 7, ஈசினோஃபில் 2, பேசோஃபில் 1. ரிப்போர்ட் லிம்ஃபோசைட் பக்கத்தில்தான் மேல்நோக்கி அம்பு போட்டிருக்கும். பெருக்கிப் பாருங்கள்: லிம்ஃபோசைட் 1,508. இயல்பு 1,000 முதல் 4,000 என்பதால் அது பாட்டுக்குச் சரியாக இருக்கிறது. நியூட்ரோஃபில்தான் 1,102-க்கு இறங்கியிருக்கிறது, அது 1,500-க்குக் கீழே போகக்கூடாது. நாம் பயந்தது ஒன்று, கவனிக்க வேண்டியது வேறொன்று. வைரஸ் காய்ச்சலில், குறிப்பாக டெங்குவில், முதல் சில நாட்களில் இந்த மாதிரி ரிப்போர்ட் வருவது வெகு சகஜம். காய்ச்சல் தெளிந்து ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

இன்னொன்று. மொத்தம் 18,400, நியூட்ரோஃபில் 86, லிம்ஃபோசைட் 9, மோனோசைட் 4, ஈசினோஃபில் 1. இதில் லிம்ஃபோசைட் "குறைவு" என்று இருக்கும், ஆனால் உண்மையான எண்ணிக்கை 1,656, குறையே இல்லை. நியூட்ரோஃபில் 15,824, அதாவது இயல்பின் மேல் எல்லையைப் போல் இரண்டு மடங்கு. பெரும்பாலும் எங்கேயோ பாக்டீரியா தொற்றோ, பெரிய அழற்சியோ, ஸ்டீராய்டு மாத்திரையோ இருக்கிறது என்று அர்த்தம்.

நியூட்ரோஃபில்

அடிபட்ட இடத்துக்கு முதலில் வந்து சேர்வது இதுதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது, ரத்தத்தில் அவை சுற்றுவதோ சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரைதான். இவ்வளவு குறுகிய ஆயுளுக்கு இவ்வளவு உற்பத்தியா என்று தோன்றலாம், ஆனால் வேலை அப்படிப்பட்டது.

விரலில் ஒரு முள் குத்துகிறது என்று வையுங்கள். அங்கே காயப்பட்ட திசு அனுப்பும் ரசாயனச் சமிக்ஞையால் பக்கத்து நுண்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ரத்த ஓட்டத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் அந்தச் சுவரில் உரசி, உருண்டு, மெதுவாகி, ஒட்டி நிற்கிறது. பிறகு சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் தன் உடலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து, ரசாயன வாடை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகிறது. இரண்டு முதல் ஐந்து பிரிவுகளாக இருக்கும் அதன் உட்கரு இந்தப் பிதுங்கலுக்கு வசதியாக வளைந்து கொடுக்கிறது. பாக்டீரியாவை எட்டியதும் சுற்றி வளைத்து விழுங்குகிறது, உள்ளே வைத்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தால் கொல்கிறது. துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்திலும் இதே அமிலம்தான் வேலை செய்கிறது. அந்த அமிலத்தைத் தயாரிக்கும் மயலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி பச்சை நிறமுடையது, கெட்டிச்சளியும் சீழும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். சீழ் என்பதே பெருமளவு செத்த நியூட்ரோஃபில்கள். விழுங்க முடியாத நிலையில் தன் சொந்த டிஎன்ஏ இழைகளை வலை போல வெளியே விரித்துக் கிருமியைச் சிக்கவைக்கும் என்பதையும் 2004-ல் கண்டுபிடித்தார்கள்.

செல்கள் கிருமியை விழுங்கும் என்பதே ஒரு காலத்தில் யாரும் நம்பாத சங்கதி. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் இல்யா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம்புழுவுக்குள் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் பார்த்தபோது நகரும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட பால் எர்லிக்தான் சாயங்களை வைத்து வெள்ளையணுக்களை வகை பிரித்தவர். இன்று ரிப்போர்ட்டில் வரும் நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில் என்ற பிரிவுகள் அவருடைய கைவரிசை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். நியூட்ரோஃபில்லின் உண்மை எண்ணிக்கைக்கு ஏஎன்சி என்று பெயர். ஏஎன்சி 1,500-க்குக் கீழே போனால் குறைவு, 500-க்குக் கீழே போனால் ஆபத்து. 1,000-க்கு மேல் இருக்கும்வரை பொதுவாகத் தொற்று அபாயம் பெரிதாக ஏறுவதில்லை. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மருந்து ஏற்றிய ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் இது அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் உடம்புச் சூடு 101 டிகிரியை ஒரு தடவை தொட்டாலோ, 100.4-ல் ஒரு மணி நேரம் நின்றாலோ, நடுராத்திரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுப்பது இங்கே உயிருக்கே உலை வைக்கும். நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கமும் பெரிதாகத் தெரியாது, காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கும் கார்பிமசோல், மனநோய்க்கான குளோசபைன், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசின் போன்றவை அபூர்வமாகச் சிலருக்கு நியூட்ரோஃபில்களை அடியோடு துடைத்துவிடும். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், அடுத்த வேளை மாத்திரையைத் தொடும் முன் மருத்துவரிடம் பேசி, அன்றே சிபிசி எடுத்துவிட வேண்டும்.

லிம்ஃபோசைட்

ரிப்போர்ட்டில் இது ஒரே வரி. உண்மையில் அந்த ஒரு வரிக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு செல்கள் இருக்கின்றன, நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: பெரிய உருண்டை உட்கரு, அதைச் சுற்றி மெல்லிய விளிம்பு.

பி செல்கள் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செய்கின்றன. ஒரு பி செல்லுக்கு ஒரே ஒரு வடிவத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும். அந்த வடிவமுள்ள கிருமி உள்ளே வந்தால் அந்த ஒரு செல் பல்கிப் பெருகி, ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறிப் புரதத்தைக் கொட்டும், இன்னொரு பகுதி நினைவுச் செல்லாக வருஷக்கணக்கில் தங்கிவிடும். தடுப்பூசி நம்பியிருப்பது இந்த இரண்டாவது பகுதியைத்தான். முதல்முறை ஒரு கிருமி வரும்போது சரியான பி செல் தேடிப் பெருக ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, அடுத்த முறை சில நாட்களே போதும். தட்டம்மை வைரஸ் இந்த நினைவுச் செல்களையே குறிவைத்து அழிக்கும், அதனால்தான் தட்டம்மை வந்துபோன குழந்தைகளுக்கு வேறு தொற்றுகள் மாறி மாறி வருகின்றன.

டி செல்கள் மஜ்ஜையில் பிறந்தாலும், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்த்தான் முதிர்ச்சி அடைகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை அங்கேயே வடிகட்டப்படுகின்றன. அந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே 1961-ல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளில் அதை அகற்றிப் பார்க்கும் வரை தெரியாமல் இருந்தது. டி செல்களில் சிடி4 வகை மற்ற செல்களுக்குத் தூண்டுதல் கொடுக்கிறது, சிடி8 வகை வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்கிறது. எச்ஐவி தாக்குவது சிடி4 செல்களை. பெரியவர்களுக்கு 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய அது 200-க்குக் கீழே போகும்போது எய்ட்ஸ் நிலை என்கிறார்கள். சாதாரண சிபிசி இதைக் காட்டாது. லிம்ஃபோசைட் எண் இயல்பாக இருக்கிறது என்பதால் சிடி4 சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது என்கே செல்கள். முன் அறிமுகம் ஏதும் தேவைப்படாமல், வைரஸ் புகுந்த செல்லையும் புற்று செல்லையும் பார்த்த மாத்திரத்தில் கொல்லும்.

உடம்பிலிருக்கும் லிம்ஃபோசைட்டுகளில் ரத்தத்தில் சுற்றுவது சுமார் 2 சதவீதம்தான். மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல் சுவர், மஜ்ஜை என்று தங்கியிருக்கின்றன. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது அந்த முடிச்சுக்குள் லிம்ஃபோசைட்டுகள் பெருகுவதால் வருவது. ரத்தத்தில் எண் ஏறுவதற்குப் புதிய செல்கள் பிறக்கவே வேண்டியதில்லை என்பதற்குக் கக்குவான் இருமல் நல்ல எடுத்துக்காட்டு: அந்த பாக்டீரியாவின் நஞ்சு லிம்ஃபோசைட்டுகளை ரத்தத்திலிருந்து முடிச்சுகளுக்குள் திரும்பப் போகவிடாமல் தடுப்பதால் எண் தாறுமாறாக ஏறுகிறது.

சிறு குழந்தைகளின் ரிப்போர்ட்டைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். பிறந்த சில நாட்களிலிருந்து நாலைந்து வயதுவரை லிம்ஃபோசைட்தான் பெரும்பான்மை. இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்ஃபோசைட் 60 சதவீதம் இருப்பது நோயல்ல. ஆய்வகம் பெரியவர்களுக்கான வரம்பையே பக்கத்தில் அச்சிட்டுச் சிவப்பு அம்பு போட்டிருந்தால் அது அச்சின் கோளாறு, குழந்தையின் கோளாறு இல்லை. பிறந்த முதல் நாளில் மொத்த எண்ணிக்கை 9,000 முதல் 30,000 வரைகூட இருக்கும்.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லாமல் லிம்ஃபோசைட் 5,000-க்கு மேல் போய், மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே நின்றால், மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அந்த வகையில்கூடப் பலருக்கு வருஷக்கணக்கில் கண்காணிப்பு மட்டும்தான், மருந்தே தொடங்க மாட்டார்கள்.

மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில்

மோனோசைட் ஐந்திலும் உருவத்தில் பெரியது. ரத்தத்தில் ஒன்று முதல் மூன்று நாள் சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜாக மாறும். விழுங்குவது, செத்த செல்களை அப்புறப்படுத்துவது, விழுங்கிய கிருமியின் ஒரு துண்டை டி செல்லுக்கு எடுத்துக் காட்டுவது எல்லாம் அதன் வேலை. காசநோய் போன்ற நாள்பட்ட தொற்றுகளில் இது ஏறலாம். தொற்றிலிருந்தோ கீமோதெரபியிலிருந்தோ மஜ்ஜை மீண்டு வரும்போது நியூட்ரோஃபில்லுக்கு முன்னால் மோனோசைட் ஏறும்; அந்த நேரத்தில் அம்பு மேல்நோக்கி இருந்தால் சந்தோஷப்படலாம். பெரியவர்களில் மாதக்கணக்கில் 1,000-ஐத் தாண்டியே நின்றால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

ஈசினோஃபில்தான் மக்களை ரொம்பக் குழப்பும் வரி. ஈசின் என்ற சாயத்தில் செக்கச்செவேலென்று ஒளிரும் துகள்கள் நிறைந்த செல் இது. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய எதிரிக்கு, முக்கியமாகக் குடற்புழுவுக்கு, எதிரானது. புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் துகள்களிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டும். அதே புரதங்கள் ஆஸ்துமாவில் நம் மூச்சுக்குழாயின் உட்சுவரையே அரிக்கின்றன. ஆக, எண் 500-க்கு மேல் ஏறினால் நினைக்க வேண்டியவை ஒவ்வாமை, ஆஸ்துமா, தோல் படை, புழு, சில மருந்துகள். மொத்தம் 7,000, ஈசினோஃபில் 8 சதவீதம் என்றால் 560. மூக்கொழுகலும் தும்மலும் உள்ளவருக்கு இது ஒன்றுமே இல்லை. 1,500-ஐத் தாண்டி நீடித்தால் மட்டும் இதயம், நுரையீரல் எல்லாம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஈசினோஃபில் ஏறியிருப்பவருக்கு மலப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் எண் அழகாக இறங்கிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உள்ளே இருப்பது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழுவாக இருந்தால், அது ஸ்டீராய்டின் தயவில் உடம்பு முழுக்கப் பரவி உயிரையே எடுத்துவிடும். எனவே "புழுவுக்குப் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பேசோஃபில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது, பூஜ்ஜியம் என்று வந்தாலும் கவலையில்லை. ஹிஸ்டமின் சுரந்து ஒவ்வாமையில் பங்கெடுக்கும். இது விடாமல் ஏறியிருந்து மொத்த எண்ணிக்கையும் மிக அதிகமாக இருந்தால் நாள்பட்ட மயலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் நினைவுக்கு வர வேண்டும்.

நோயே இல்லாமல் எண் மாறும்

ரத்தக் குழாயிலிருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி ஓட்டத்தோடு ஓடாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊசிக்குள் வருவது ஓடுகிற பாதி மட்டுமே. ஓடிவிட்டு வந்து உடனே ரத்தம் கொடுத்தாலோ, பயந்து நடுங்கினாலோ, வலிப்பு வந்து அடங்கியிருந்தாலோ அட்ரினலின் அந்தச் செல்களைச் சுவரிலிருந்து உதிர்த்துவிடும், எண் சட்டென்று ஏறிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோஃபில்லை ஏற்றி, லிம்ஃபோசைட்டையும் ஈசினோஃபில்லையும் இறக்கும். புகை பிடிப்பவர்களுக்கு நிரந்தரமாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு 15,000 வரை போவதும், பிரசவ வலியில் 20,000-ஐத் தாண்டுவதும் சகஜம். மறுபக்கம், ஆப்பிரிக்க, மேற்காசிய வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற மரபணுவின் ஒரு வடிவம் காரணமாக நியூட்ரோஃபில் பிறவியிலேயே 1,500-க்குக் கீழே இருக்கும், அவர்களுக்கு அதனால் தொற்று எதுவும் கூடுவதில்லை.

கருவியும் ஏமாறும். முதிராத, உட்கரு உள்ள சிவப்பணுக்கள் கரையாமல் நின்றால் வெள்ளையணுக் கணக்கில் சேர்ந்துவிடும், குழாயிலிருக்கும் இடிடிஏ என்ற உறைதடுப்பானால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தட்டணுக்களும் அப்படியே. தட்டணு திடீரென்று குறைந்து வெள்ளையணு திடீரென்று கூடியிருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். கையால் எண்ணும்போது பொதுவாக 100 செல்களைத்தான் எண்ணுவார்கள், அதனால் ஈசினோஃபில் 2 என்று வந்த அதே ரத்தத்தில் இன்னொருவர் எண்ணினால் 5 என்றும் வரலாம். இந்த மாதிரிச் சில்லறை வித்தியாசத்துக்காக மூன்று ஆய்வகம் ஏறி இறங்குவது வெட்டிச் செலவு. சிபிசிக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிகள்

எண்களுக்குக் கீழே "ஸ்மியர்" என்று, அதாவது கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய குறிப்பாக, ஒரு பத்தி இருந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள். என்னைக் கேட்டால் எண்களைவிட அது முக்கியம், ஏனென்றால் அதை ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

"லெஃப்ட் ஷிஃப்ட்", "பேண்ட் செல்கள்" என்று இருந்தால் மஜ்ஜை அவசரத்தில் முழுசாக முதிராத நியூட்ரோஃபில்களையும் வெளியே அனுப்புகிறது, தொற்று மும்முரமாக இருக்கிறது என்று பொருள். "டாக்ஸிக் கிரானுல்ஸ்" என்பதும் அதே பக்கம்தான் கைகாட்டும். "ரியாக்டிவ் லிம்ஃபோசைட்" என்றால் வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் லிம்ஃபோசைட்டுகள், காய்ச்சல்காரர்களுக்குச் சாதாரணம். "பிளாஸ்ட்" என்ற சொல் மட்டும் வேறு ரகம். அவை மஜ்ஜைக்குள்ளேயே இருக்க வேண்டிய ஆரம்பநிலைச் செல்கள்; ஆரோக்கியமான பெரியவரின் ரத்தத்தில் ஒன்றுகூடத் தெரியக்கூடாது. மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டவர்களுக்கும், கடுமையான நோயிலிருப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு தலைகாட்டுவது உண்டு என்றாலும், அந்தச் சொல்லைப் பார்த்தால் ரத்தவியல் மருத்துவரை அன்றோ மறுநாளோ பார்த்துவிட வேண்டும். மொத்த எண்ணிக்கை இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும்போதும் லுகேமியா இருக்கலாம், அதைக் காட்டிக்கொடுப்பது இந்த வரிதான்.

பார்த்தாயிற்று, அடுத்து என்ன?

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்துத் தேதி வாரியாக வையுங்கள். பத்து வருஷமாக 3,700-லேயே இருப்பவருக்கு இன்றும் 3,700 என்றால் அது அவருடைய இயல்பு. ஆறு மாதத்தில் 9,000-லிருந்து 3,700-க்கு வந்திருந்தால், எந்த அம்பும் சொல்லாத ஒரு சேதி அதில் இருக்கிறது.

லேசான ஏற்ற இறக்கம், உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை என்றால், இரண்டு முதல் நாலு வாரம் கழித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில் திரும்ப எடுத்துப் பாருங்கள். வெள்ளையணுவை ஏற்றுகிறேன் என்று சொல்லி விற்கும் பொடி, சாறு பக்கம் போக வேண்டாம். எண் கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதே தப்புக் கணக்கு, அப்படிப் பார்த்தால் லுகேமியா நோயாளிக்குத்தான் எதிர்ப்புச் சக்தி அதிகம் இருக்க வேண்டும். ஏஎன்சி 500-க்குக் கீழே, ஸ்மியரில் பிளாஸ்ட், மொத்தம் 50,000-க்கு மேல், அல்லது வெள்ளையணு, ஹீமோகுளோபின், தட்டணு மூன்றும் சேர்ந்து குறைவு என்று வந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள். இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் கரையாத நெறிக்கட்டு இருந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், எண்கள் எப்படி இருந்தாலும் சரி.

இதிலும் ஒரு திருப்பம் உண்டு: மிகக் கடுமையான தொற்றில், முக்கியமாக முதியவர்களுக்கு, எண்ணிக்கை ஏறாமல் இயல்பாகவே நிற்கலாம், 4,000-க்குக் கீழே இறங்கவும் செய்யலாம். ஆள் குழம்பிப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் "கவுண்ட் நார்மல்தானே" என்று வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு, கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, இன்ஹேலர், தோலுக்குப் போட்ட களிம்பு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.